அடுப்படி வருமானம் யார் கணக்கில்?

ஊரை விட்டு வெளியூரில் குடும்பம் நடத்துகிறவர்கள் வீட்டில் சில வருடங்களாக ஒரு பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. "நீ வைக்கிற வத்தக்குழம்பை எழுதிப் போட்டாலே காசு வருமே, வீடியோ எடுத்தா இன்னும் வருமே!" சொல்வது பெரும்பாலும் கணவர். கேட்டுக்கொள்வது மனைவி. இங்கே ஹைதராபாத்தில் மாரேட்பள்ளி, பத்மாராவ் நகர் பக்கம் இருக்கும் பழைய தமிழ்க் குடும்பங்களிலிருந்து, ஐடி வேலைக்காக கச்சிபௌலியில் வந்து இறங்கிய புதுக் குடும்பங்கள் வரைக்கும் இதே பேச்சுதான்.

காசு வருமா என்றால், வரும். அதில் சந்தேகமே வேண்டாம். நான் சொல்ல வந்தது வேறு. வருகிற காசு யார் பெயரில் வருகிறது, செலவு போக என்ன மிஞ்சுகிறது என்ற இரண்டையும் முதல் நாளே பார்த்துவிட வேண்டும். இல்லாவிட்டால் சமைத்தவருக்கு மிஞ்சுவது கழுவ வேண்டிய பாத்திரம் மட்டும்தான். (வங்கிக்காரன் அல்லவா, எதைப் பார்த்தாலும் பற்று வரவுதான் கண்ணில் படுகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள் :-))

முதலில், சம்பாதித்தவர்கள் கதையைப் பார்ப்போம்.

நம்ம ஹைதராபாத்காரர் சஞ்சய் தும்மா. 'வா செஃப்' என்றால் எல்லோருக்கும் தெரியும். ஹோட்டல் மேனேஜ்மென்ட் படித்தவர், அமெரிக்கா போய் வந்தவர். 2007-ல் 'வாரேவா' என்ற பெயரில் சமையல் வீடியோக்களை இணையத்தில் போட ஆரம்பித்தார். அப்போது இந்தியாவில் இதை ஒரு தொழிலாக யாரும் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

அடுத்து ஆந்திராவின் மஸ்தானம்மா பாட்டி. 2016-ல் கொள்ளுப்பேரன் வீடியோ எடுத்துப் போட, 'கன்ட்ரி ஃபுட்ஸ்' சேனல் உலகம் முழுக்கப் பிரபலமானது. தர்பூசணிக்குள் கோழிக்கறி சமைத்தாரே, அவரேதான். நூறு வயதைத் தாண்டிய அந்தப் பாட்டி 2018 டிசம்பரில் காலமானபோது சேனலுக்கு 12 லட்சம் சந்தாதாரர்கள் இருந்தார்கள்.

நம்ம பக்கம் என்றால் புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலத்து 'வில்லேஜ் குக்கிங் சேனல்'. பெரியதம்பி தாத்தாவும் பேரன்களும் 2018-ல் ஆரம்பித்தார்கள். 2021-ல் ஒரு கோடி சந்தாதாரர்களைத் தொட்ட முதல் தமிழ் சேனல் என்று பேர் வாங்கினார்கள். அந்த வருடமே முதல்வரின் கொரோனா நிவாரண நிதிக்கு 10 லட்ச ரூபாய் கொடுத்தார்கள்.

இதையெல்லாம் காட்டித்தான் வீட்டில் உசுப்பேற்றுகிறார்கள். ஆனால் இந்தக் கதைகளில் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. பாட்டி சமைத்தார், படம் பிடிக்கவும் வெட்டி ஒட்டவும் பேரன் இருந்தார். சின்ன வீரமங்கலத்தில் ஒரு குடும்பமே சேர்ந்து உழைக்கிறது. சஞ்சய் தும்மா தொழில் கற்ற சமையல்காரர். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, ஒரு கையில் கரண்டியும் ஒரு கையில் செல்போனுமாக நிற்கும் நம் வீட்டுப் பெண்மணியின் நிலைமை இதில் எதிலும் சேராது. சமைப்பது, படம் எடுப்பது, எழுதுவது, கேள்விக்குப் பதில் சொல்வது எல்லாம் அவர் ஒருவரே.

இன்னொன்று, மொழி. தமிழில் சமையல் குறிப்பு எழுதியவர்கள் 2000-களிலேயே நிறையப் பேர். ஆனால் கூகுளின் 'ஆட்சென்ஸ்' விளம்பரத் திட்டம் 2003-ல் வந்தபோது அதில் தமிழ் கிடையாது. இந்தி 2014-ல் சேர்ந்தது. தமிழ் சேர்ந்தது 2018-ல்! பதினைந்து வருடம் நம் மொழியில் எழுதியவர்கள் இந்த வழியில் காசு பார்க்க முடியவில்லை. அதனால்தான் சிங்கப்பூரிலிருந்து எழுதப்பட்ட 'ராக்ஸ் கிச்சன்' மாதிரியான பக்கங்கள் நம்ம ஊர்ச் சமையலை ஆங்கிலத்தில் சொல்லி வளர்ந்தன. தமிழுக்குக் கதவு திறந்த அதே 2018 தொடக்கத்தில் யூடியூப் தன் வாசற்படியை உயர்த்தியது. 1,000 சந்தாதாரர்கள், ஒரு வருடத்தில் 4,000 மணி நேரப் பார்வை இருந்தால்தான் விளம்பரப் பங்கு என்றார்கள். ஒரு கதவு திறந்தால் இன்னொரு கதவு சாத்திக்கொள்வது நமக்குப் புதிதா என்ன?

இப்போது என் தொழில் சம்பந்தப்பட்ட விஷயத்துக்கு வருகிறேன்.

சில வருடங்களுக்கு முன் எங்கள் கிளைக்கு ஒரு தம்பதி வீட்டுக் கடனுக்காக வந்திருந்தார்கள். தமிழ்க்காரர்கள் என்று தெரிந்ததும் பேச்சு நீண்டது. கணவர் சம்பளம் மட்டும் போதவில்லை, கேட்ட தொகைக்குக் கொஞ்சம் குறைந்தது. "உங்களுக்கு வருமானம் ஏதாவது உண்டாம்மா?" என்று அந்த அம்மாவைக் கேட்டேன். "உண்டு சார். அஞ்சு வருஷமா சமையல் வீடியோ போடறேன்" என்றார். சந்தோஷமாக, பாஸ்புக்கைக் காட்டச் சொன்னேன். பணம் மாதா மாதம் வந்திருக்கிறது, உண்மைதான். ஆனால் வந்தது கணவர் கணக்கில். வருமான வரிப் படிவத்திலும் அது கணவரின் இதர வருமானம். அந்த அம்மா பெயரில் ஒரு படிவம்கூட இல்லை. "சார், சமைக்கிறது நான்தான் சார். அது என் வருமானம்தான்" என்றார். எனக்குத் தெரிகிறது. ஆனால் கடன் விண்ணப்பத்துக்குத் தெரியாதே! சொந்தத் தொழில் செய்கிறவர் என்றால் இரண்டு மூன்று வருட வரிப் படிவங்களைத்தான் வங்கி கேட்கும். ஐந்து வருட உழைப்புக்கு அவர் பெயரில் ஒரு காகிதம் இல்லை.

கணவர் கெட்டவர் இல்லை. விண்ணப்பம் நிரப்பத் தெரிந்தவர் அவர், ஆகவே தன் பெயரையும் தன் கணக்கு எண்ணையும் போட்டுவிட்டார். பெரும்பாலான வீடுகளில் இப்படித்தான் நடக்கிறது.

"குடும்பப் பணம்தானே, யார் கணக்கில் வந்தால் என்ன?" என்று கேட்பார்கள். நல்ல கேள்வி. நான்கு பதில் சொல்கிறேன்.

ஒன்று, ஆட்சென்ஸ் கணக்கை இன்னொருவர் பெயருக்கு மாற்றித் தர முடியாது. பணம் பெறுபவர் பெயரும் வங்கிக் கணக்கின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதும் அவர்கள் விதி. பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டால், புதுக் கணக்கு தொடங்கி முதலிலிருந்து இணைக்க வேண்டிவரும். கணக்குக்கு உரியவர் இறந்துபோனாலோ, இருவரும் பிரிய நேர்ந்தாலோ (நடக்கக் கூடாதுதான், ஆனால் வங்கியில் உட்கார்ந்தவனுக்கு நடப்பது தெரியும்), உழைத்தவர் வெளியே நிற்பார்.

இரண்டு, வரி. மனைவிக்கு வேறு வருமானம் இல்லை என்றால், சிறிய தொகைக்கு அவர் பெயரில் வரியே வராமல் போகலாம். அதையே 30 சதவீதத்தில் இருக்கும் கணவர் வருமானத்தோடு சேர்த்தால் மூன்றில் ஒரு பங்குக்குப் பக்கமாகப் போய்விடும்.

மூன்று, அமெரிக்க வரி. நம்மை மாதிரி வெளியூரில் இருக்கும் தமிழர்கள்தான் சமையல் குறிப்பை அதிகம் தேடுகிறார்கள். அமெரிக்காவிலிருந்து ஒருவர் பார்த்தால் கிடைக்கும் விளம்பரப் பணம், இந்தியாவில் ஒருவர் பார்ப்பதைவிடப் பல மடங்கு. ஆனால் 2021 ஜூனிலிருந்து அந்தப் பங்கில் அமெரிக்க வரி பிடிக்கிறார்கள். வரி விவரம் கொடுத்த இந்தியருக்கு 15 சதவீதம். அங்கே பிடித்ததை இங்கே கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ள வழி உண்டு. ஆனால் யார் பெயரில் பிடித்தார்களோ அவர் இங்கே படிவம் போட்டிருக்க வேண்டும்.

நான்கு, சொன்னேனே, கடன். வீட்டுக் கடனோ தொழில் கடனோ, அவர் பெயரில் வருமானம் இருந்தால்தான் அவர் ஒரு விண்ணப்பதாரர்.

ஆகவே பான் அட்டை அவர் பெயரில், வங்கிக் கணக்கு அவர் பெயரில், படிவம் அவர் பெயரில். 100 டாலர் சேர்ந்தால் மாதம் 21-க்கும் 26-க்கும் இடையில் அனுப்புவார்கள். வெளிநாட்டுப் பணமாக வருவதால், எந்த வேலைக்கான பணம் என்று வங்கியில் கேட்பார்கள். உள்ளதைச் சொல்லுங்கள், பயப்பட ஒன்றுமில்லை. 10 டாலர் சேர்ந்ததும் முகவரியைச் சரிபார்க்க ஒரு ரகசிய எண் தபாலில் வரும். வாடகை வீடு மாறிக்கொண்டே இருக்கும் நம்மைப் போன்றவர்கள் முகவரியை மறக்காமல் மாற்றிவிடுங்கள். தபால் பழைய வீட்டு ஓனரிடம் போய்ச் சேர்ந்தால் பணம் நின்றுவிடும்.

இந்த இடத்தில் எஸ். மீனாட்சி அம்மாளை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 'சமைத்துப் பார்' 1951-ல் வந்த புத்தகம். இளம் வயதிலேயே கணவரை இழந்தவர், குடும்பத்தைச் சுமந்தவர். தனக்குத் தெரிந்த சமையலை அளவோடு எழுதி, தன் பெயரிலேயே புத்தகமாகப் போட்டார். கல்யாணமாகி வெளியூர் போகும் பெண்ணின் பெட்டியில் அதைப் போட்டு அனுப்பாத வீடு குறைவு. அவர் குடும்பத்தார் தொடர்ந்து அதைப் பதிப்பித்து வந்திருக்கிறார்கள். ரசத்துக்கு யாரும் உரிமை கொண்டாட முடியாது. பொருள்களின் பட்டியலுக்குக் காப்புரிமையும் கிடையாது. ஆனால் அவர் எழுதிய விதத்துக்கு உண்டு, அட்டையில் இருக்கும் பெயருக்கும் மதிப்பு உண்டு. எழுபது வருடத்துக்கு முன் ஒரு பெண்மணி செய்ததை, இணையம் கையில் இருக்கும் நாம் செய்யாமல் விடலாமா?

சரி, அடுத்தது செலவுக் கணக்கு.

சும்மா ஒரு உதாரணம். மாதம் 12 குறிப்பு, சமைத்துப் படம் எடுத்து எழுதி முடிக்க ஒன்றுக்கு 6 மணி நேரம். மொத்தம் 72 மணி. வருமானம் 9,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். மளிகை, காய்கறி, கேஸ், இணையம் என்று 3,600 போனால் மிச்சம் 5,400. மணிக்கு 75 ரூபாய். இது பரவாயில்லையா, போதாதா என்பது அவரவர் முடிவு. ஆனால் கணக்கே போடாமல் "சும்மா இருக்கிற நேரத்தில்தானே செய்கிறாள்" என்று சொல்வது மட்டும் நியாயமில்லை. அந்த மளிகை வீட்டுச் செலவில் கரைந்துவிடுவதால் லாபம் பெரிதாகத் தெரிகிறது. தனியாக ஒரு நோட்டுப் போடுங்கள். வரிப் படிவம் போடும்போது அந்த நோட்டுதான் கைகொடுக்கும்.

அதேபோல 'இலவசம்'. நாலு பேர் பார்க்க ஆரம்பித்ததும் மிக்ஸி கம்பெனி, மசாலா கம்பெனி என்று பொருள் அனுப்புவார்கள். 2022 ஜூலையில் வந்த விதிப்படி, வருடத்தில் 20,000 ரூபாய்க்கு மேல் போகும் இப்படிப்பட்ட பொருளுக்கும் 10 சதவீதம் வரி பிடிக்க வேண்டும். பயன்படுத்திப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தால் பிரச்னை இல்லை. வைத்துக்கொண்டால் அது வருமானம். காசோ பொருளோ வாங்கிக்கொண்டு சொல்வதை விளம்பரம் என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று 2021-ல் விளம்பரத் தர நிர்ணயக் கவுன்சிலும், 2023-ல் மத்திய அரசும் வழிமுறை கொடுத்துவிட்டன. வரியும் விதியும் ஒரு பக்கம் இருக்கட்டும். உங்கள் பேச்சை நம்பி அமெரிக்காவில் ஒரு பெண் அந்த மசாலாவை வாங்குகிறாள். அந்த நம்பிக்கைதான் உங்கள் முதல். முதலை எடுத்துச் சாப்பிட்டால் வட்டி எங்கிருந்து வரும்?

கடைசியாக, வேலையை விட்டுவிட்டு இதில் இறங்கலாமா என்று கேட்பவர்களுக்கு. என்னைக் கேட்டால் வேண்டாம். கூகுள் 2024-லிருந்து தேடல் பக்கத்தின் மேலேயே பதிலைச் சுருக்கிக் கொடுத்துவிடுகிறது. புளியோதரைக்கு அளவு கேட்பவர் உங்கள் பக்கம் வராமலே போய்விடலாம். நீள வீடியோ விளம்பரத்தில் யூடியூப் கொடுப்பது 55 சதவீதம், குட்டி வீடியோவுக்கு 45. நாளைக்கு அவர்கள் விதியை மாற்றினால் நம்மைக் கேட்டு மாற்றப் போவதில்லை. ஒரே ஒரு வாடிக்கையாளரை நம்பி இருக்கும் தொழிலுக்கு நாங்கள் கடன் கொடுக்கும்போது இரண்டு முறை யோசிப்போம். நீங்களும் யோசியுங்கள். சம்பளத்தோடு இது கூடுதல் வரவாக இருக்கட்டும். இதில் கிடைத்த பேரை வைத்து வகுப்பு எடுக்கலாம், பொடி விற்கலாம், புத்தகம் போடலாம். அப்படிக் கால் ஊன்றியபின் மற்றதைப் பார்த்துக்கொள்ளலாம்.

புருஷன் வேலைக்காகச் சொந்த ஊரையும் சில சமயம் தன் வேலையையும் விட்டுவிட்டு, பாஷை தெரியாத ஊருக்கு வந்த பெண்கள் நம் வீடுகளில் நிறைய. பி.காம்., எம்.எஸ்ஸி. எல்லாம் பீரோவில் தூங்குகிறது. அவர்களுக்கு இந்த வருமானம் வெறும் கைச்செலவுக் காசு இல்லை, வருமானச் சான்று. ஆகவே அண்ணன்மார்களே, தம்பிமார்களே, அடுத்த முறை "எழுதிப் போடேன், காசு வரும்" என்று சொல்வதற்கு முன், அவர் பெயரில் ஒரு கணக்கு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் இந்த வாரமே வங்கிக்கு அழைத்துப் போங்கள். ஆதாரும் பானும் போட்டோவும் போதும்.