ஏற்காடு என்ன, கேட்பாரற்ற ஊரா?

உதகைக்கும் கொடைக்கானலுக்கும் போகும் வண்டிகளுக்கு நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் இ-பாஸ். அடுத்த ஆண்டே, வார நாளில் இத்தனை வண்டி, வார இறுதியில் இத்தனை என்று உச்சவரம்பும் வந்துவிட்டது. ஏற்காட்டுக்கு? நீதிமன்றம் பெயர் சொன்ன ஊர்களோடு கடமை தீர்ந்தது என்று இருந்துவிட்டார்கள். அங்கே அனுமதி கிடைக்காத கார்க்காரர் வீட்டுக்கா திரும்புவார்? சேலம் வந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறினால் ஏற்காடு. பாஸும் வேண்டாம், கேள்வியும் இல்லை.

சேலத்திலிருந்து விடியற்காலை பஸ் பிடித்துப் பறவை பார்க்கப் போகிறவருக்கு ஏற்காடு ஏரியில் கிடைப்பது படகுத்துறை திறக்கும் வரையிலான நேரம்தான். பனி விலகாத தண்ணீரில் நீர்க்காகம் முங்கி எழும். கரையோரக் கிளையில் மீன்கொத்தி குந்தியிருக்கும். முதல் மோட்டார் படகு உறுமியதும் பைனாகுலரைப் பைக்குள் போட்டுவிடலாம்.

அந்த ஏரி நடுவே ஒரு தீவு. சுற்றிலும் தண்ணீர், நாயும் பூனையும் எட்டாத மரங்கள். கொக்கும் நாரையும் குடியேற இதைவிட நல்ல மனை ஏது? அதைத்தான் மான் பூங்கா ஆக்கினார்கள். வேலிக்குள் மான், கூண்டுக்குள் மயில். எட்டிப் பார்க்க நாம். ஊர் வயல்களிலெல்லாம் மயில் மேய்ந்துகொண்டிருக்கும் காலத்தில், மலையேறிப் போய்க் கூண்டில் மயில் பார்க்க வேண்டுமாம்! தண்ணீரில் படகின் இரைச்சல், படகுக்குள் செல்போன் பாட்டு. மே மாதம் கோடை விழா என்று படகுப் போட்டி வேறு.

ஏரியில் பறவைக்கு இடம் விடுவது நமக்குத் தெரியாததா? இன்று பறவைகள் சரணாலயமாக இருக்கும் வேடந்தாங்கலின் விவசாயிகள் யாரும் சொல்லாமலே மரத்துக்கும் பறவைக்கும் காவல் இருந்தவர்கள். எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்குத் தெரியும். 1798இல் ஆட்சியர் லயனல் பிளேஸுக்குக்கூட அது புரிந்தது. நம்மவர்களோ 2020இல் அதே சரணாலயத்தின் 5 கி.மீ. எல்லையை 3 கி.மீ. ஆக்கப் பார்த்தார்கள். வட்டக் கணக்குப் போட்டுப் பாருங்கள், பரப்பில் பாதிக்கு மேல் போயிருக்கும். அதற்கு இரண்டு ஆண்டு முன்பு எட்டு வழிச் சாலைக்காகச் சேலத்து வயல்களில் அளவுக்கல் நட்டவர்களும், அதற்கும் முன்னால் ஏற்காடு இருக்கும் இதே சேர்வராயன் மலையை பாக்சைட்டுக்காக வெட்ட விட்டுப் பார்த்திருந்தவர்களும் யார்? நாற்காலியில் ஆள் மாறலாம். கோப்பு நகர்வது அதே மேசையில்தான்.

தென்னிந்தியப் பாறைச் சரிவுகளை விட்டால் உலகில் வேறெங்கும் இல்லாத மஞ்சள் தொண்டைச் சின்னான் இந்த மலையில் இருக்கிறது. வரிசைகட்டி ஹாரன் அடித்து ஏறுகிற வண்டிகளில் எத்தனை பேருக்கு அது தெரியும்? சொல்ல ஒரு பலகை வைக்கவும் மனமில்லை. 'செல்ஃபி பாயின்ட்' என்றால் மட்டும் நிதி எங்கிருந்தோ வந்துவிடுகிறது.

மலைக்கு ஒரு வரம்பு வேண்டும், ஏரிக்கும் வேண்டும். எவ்வளவு, எப்படி என்பதைச் சம்பளம் வாங்குகிறவர்கள் யோசிக்கட்டும், அடுத்த கோடை விழாவுக்குப் பந்தல்கால் நடுவதற்குள்.