குறை சொல்வது புறம் பேசுவதாகுமா?

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் சென்ற ஆண்டு நிக்காஹ் நடைபெற்றது. வலீமா விருந்தின் பொறுப்பை முன்பணம் கொடுத்து ஒரு பண்டாரியிடம் ஒப்படைத்திருந்தனர். முன்னூறு பேருக்கெனப் பேசிய உணவு இருநூறு பேருக்கே போதவில்லை. கடைசிச் சஹன்களில் இறைச்சி வாடை வீசிற்று. பணத்தில் ஒரு பகுதியையாவது திருப்பித் தரும்படி இரண்டு மாதம் கேட்டும் பலனில்லாமற்போகவே, மணமகனின் தந்தையார் கூகுள் தளத்தில் அந்தச் சமையல் நிலையத்தின் பெயருக்குக் கீழே நான்கு வரிகள் எழுதினார். சில நாட்களில் வக்கீல் நோட்டீஸ் வந்து சேர்ந்தது. எழுதியதை ஏழு நாட்களுக்குள் நீக்காவிடில் ஐந்து இலட்ச ரூபாய் மானநஷ்டமும் கிரிமினல் வழக்கும் என்பது அதன் சாரம். அத்துடன், பண்டாரியின் உறவினர் ஒருவர் வீட்டுக்கே வந்து, புறம் பேசுவது இறந்துபோன சகோதரனின் மாமிசத்தைத் தின்பதற்கு ஒப்பென்று திருமறை (49:12) எச்சரிப்பதை மறந்துவிட்டீர்களா என்று கேட்டுச் சென்றிருக்கிறார்.

நோட்டீஸுக்கு அஞ்சாத அந்தப் பெரியவர் இந்தக் கேள்விக்கு அஞ்சிவிட்டார். நான்கு வரிகளையும் அழித்துவிட்டு, “நான் செய்தது ஹராமா?” என்று என்னிடம் வந்து நின்றார்.

பதிலுக்குப் போகுமுன் இத்தகைய மிரட்டல்களின் இயல்பை அறிந்துகொள்வது நல்லது. அமெரிக்காவில் நடந்த ஒரு வழக்கு இதை நன்கு விளக்கும். யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த ஒருவர் 2008இல் கிளியர்கியர் என்ற நிறுவனத்திடம் தம் மனைவிக்காகச் சில சிறு பரிசுப் பொருள்களுக்குப் பணம் அனுப்பினார். பொருள் வந்து சேரவில்லை. மனைவி அந்த நிறுவனத்தின் போக்கை ஓர் இணையதளத்தில் எழுதிவைத்தார். மூன்று ஆண்டுகளுக்கும் மேலாகிய பின்னர், 2012இல், எழுதியதை நீக்காவிடில் 3,500 டாலர் அபராதம் கட்டவேண்டுமென்று நிறுவனத்திடமிருந்து கடிதம் வந்தது. நிறுவனத்தின் பெயருக்குக் கேடு செய்யும் எதையும் வாங்குபவர் எழுதக்கூடாது என்று தங்கள் விற்பனை நிபந்தனைகளில் ஒரு விதி உண்டென்றும், அதை அவர்கள் மீறிவிட்டார்கள் என்றும் அது கூறிற்று. பொருள் வாங்க முற்பட்ட நாளில் அப்படியொரு விதியே இருக்கவில்லை என்பது தம்பதியரின் வாதம். அவர்கள் பணிய மறுத்தபோது, அந்த அபராதம் கட்டப்படாத கடனாகப் பதிவு செய்யப்பட்டது. அதனால் அவர்களுடைய கடன் நம்பகம் கெட்டது. வேறிடங்களில் அவர்கள் கடன் கேட்டபோது மறுப்பும் தாமதமுமே எதிர்ப்பட்டன. இறுதியில் அவர்களே வழக்குத் தொடுத்தனர். நிறுவனம் நீதிமன்றத்துக்கு வரவேயில்லை. 2014இல் தம்பதியருக்கு 3,06,750 டாலர் வழங்கவேண்டுமென்று தீர்ப்பாயிற்று.

மிரட்டியவர்கள் நீதிமன்றத்தின் வாசலுக்கே வரவில்லை என்பதைக் கவனியுங்கள். இவ்வகைக் கடிதங்கள் பெரும்பாலும் வழக்கில் வெல்வதற்காக எழுதப்படுபவை அல்ல. வக்கீலுக்கு ஆகும் செலவையும் அலைச்சலையும் எண்ணி எளியவன் வாயை மூடிக்கொள்வான் என்ற கணக்கே அவற்றின் மூலதனம். அந்தத் தம்பதியர் துணிந்தார்கள். துணியாதவர்கள் எத்தனை பேரோ, அவர்களுடைய சொற்கள் சுவடின்றி அழிந்துபோயின. பிறகு கலிபோர்னியா 2014இலும், அமெரிக்க நாடு முழுமைக்குமாக 2016இலும், வாங்குவோரின் வாயைக் கட்டும் இத்தகைய நிபந்தனைகள் செல்லாதென்று சட்டம் இயற்றினர். பொய் எழுதுவோருக்கு அச்சட்டம் புகலிடம் தரவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

நம் நாட்டில் அவதூறு இன்றும் குற்றமே. 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவு அதற்கு இரண்டாண்டு வரை சிறை விதிக்க இடமளிக்கிறது. ஆயினும் பொது நன்மைக்காகச் சொல்லப்பட்ட உண்மைக்கும், தன் நலனையோ பிறர் நலனையோ காக்க நல்லெண்ணத்தோடு சொல்லப்பட்டதற்கும் அதே பிரிவு விலக்கு அளிக்கிறது. வக்கீல் நோட்டீஸ் என்பது நீதிமன்றத்தின் ஆணையன்று, எதிர்த்தரப்பின் கடிதமே என்பதும் நம்மில் பலருக்குத் தெரிவதில்லை. கையில் விலைச்சீட்டும் ஒப்பந்தத் தாளும் இருப்பவர், மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் தாமே முறையிடவும் வழியுண்டு.

இனி மார்க்கத்தின் தீர்ப்புக்கு வருவோம். தீய சொல்லைப் பகிரங்கமாகப் பேசுவதை இறைவன் விரும்புவதில்லை என்று கூறும் திருவசனமே (4:148), அநீதி இழைக்கப்பட்டவரை அதிலிருந்து விலக்கி வைக்கிறது. அந்த விலக்கு அதே வசனத்திலேயே இருக்க, முற்பகுதியை மட்டும் ஓதிக் காட்டுவது என்ன நியாயம்? இமாம் நவவி (ரஹ்) அவர்கள் ‘ரியாளுஸ் ஸாலிஹீன்’ நூலில், புறம் பேசுதல் அனுமதிக்கப்படும் ஆறு இடங்களை எடுத்துரைக்கிறார்கள். அநீதிக்கு ஆளானவர் முறையிடுவது அவற்றுள் ஒன்று. மக்களைத் தீங்கிலிருந்து எச்சரிப்பது மற்றொன்று. திருமண ஆலோசனை கேட்டு வந்த ஃபாத்திமா பின்த் கைஸ் (ரலி) அவர்களிடம், பெண் கேட்ட இருவருடைய குறைகளையும் அண்ணலார் (ஸல்) அவர்கள் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார்கள்.

இவற்றையெல்லாம்விட என் உள்ளத்தைத் தொடுவது புகாரியில் பதிவான வேறொரு நிகழ்ச்சி. பெருமானார் (ஸல்) அவர்கள் ஒருவரிடம் ஒட்டகம் கடன் வாங்கியிருந்தார்கள். கடன் கொடுத்தவர் வந்து கடுமையான சொற்களால் கேட்டார். தோழர்கள் பொறுக்கமாட்டாமல் அவர்மேல் பாயப்போனபோது, அவரை விட்டுவிடுங்கள், உரிமையுடையவருக்குப் பேசவும் உரிமையுண்டு என்ற கருத்தில் பெருமானார் தடுத்தார்கள். அதோடு நில்லாமல், அதே வயதுள்ள ஒட்டகம் கிடைக்காதபோது அதைவிடச் சிறந்ததையே வாங்கிக் கொடுக்கச் செய்தார்கள். கேட்டவர் மரியாதையாகக் கேட்கவில்லை. கேட்கப்பட்டவரோ மதீனாவின் தலைவர். அங்கே நோட்டீஸ் இல்லை, ஒட்டகம்தான் இருந்தது. நமது வணிகப் பெருமக்கள் இதைப் படித்துவிட்டு வக்கீலிடம் போகட்டும்.

தானியக் குவியலின் கதை எல்லாரும் அறிந்ததே. கடைத்தெருவில் ஒரு குவியலுக்குள் அண்ணலார் கைவிட்டபோது விரல்களில் ஈரம் தட்டுப்பட்டது. மழையில் நனைந்தது என்றார் வியாபாரி. மக்கள் பார்க்கும்படி அதை மேலே போட்டிருக்கலாகாதா என்று கேட்டு, ஏமாற்றுபவர் நம்மைச் சேர்ந்தவரல்லர் என்று அறிவித்தார்கள். நனைந்ததை வியாபாரியே மேலே போடாதபோது, வாங்கி ஏமாந்தவர் எடுத்து மேலே போடுகிறார். அவ்வளவுதான்.

ஆனால் வியாபாரியின் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. அதை மறைத்தால் நானும் ஈரத்தை அடியில் வைத்தவனாவேன். போட்டிக் கடைக்காரர் கூலிக்கு ஆள் வைத்து வசை எழுதச் செய்வதும், ஐந்து ரூபாய் தள்ளுபடி கிடைக்காத கோபத்தில் ஒருவன் முப்பதாண்டுத் தொழிலைத் தூற்றுவதும் நடக்கின்றன. அவை புறம்கூட அல்ல, பொய்யான அவதூறு. சின்னஞ்சிறு கடைக்காரருக்கு அவருடைய பெயரைத் தவிர வேறு சொத்தில்லை. ஆகவே எழுதுகிறவர், தம் கண்ணால் கண்டதையும் தமக்கு நேர்ந்ததையும் மட்டுமே எழுதவேண்டும். வணிகர் பின்னர் குறையைச் சரிசெய்தால் அதையும் அதே இடத்தில் எழுதக் கடமைப்பட்டவர்.

அந்தப் பெரியவர் எழுதியிருந்ததைக் காட்டச் சொன்னேன். அழிக்குமுன் கைப்பேசியில் படமெடுத்து வைத்திருந்தார். முதல் வரி உணவின் அளவு. இரண்டாவது இறைச்சியின் நிலை. மூன்றாவது பணம் கேட்டும் கிடைக்காதது. நான்காவது வரியில், “இவன் குடும்பமே ஹராமில் வளர்ந்த குடும்பம்” என்றிருந்தது. அந்தப் பண்டாரியின் தாயையும் பிள்ளைகளையும் இவர் பார்த்ததுகூட இல்லை.

மூன்று வரிகளைத் திரும்ப எழுதுங்கள், அவை உங்கள் உரிமை என்றேன். நோட்டீஸுக்கு ஆதாரங்களோடு பதில் அனுப்பவும் சொன்னேன். நான்காவது வரி அழிந்துவிட்டாலும் கணக்கு அழியவில்லை, அந்த மனிதரிடமே போய் மாப்புக் கேட்கவேண்டும் என்றபோது அவர் முகம் வாடிற்று. பணத்தையும் இழந்து நானே போய் நிற்பதா என்று கேட்டார். என்னிடம் வேறு பதில் இருக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து ஒரு ஜும்ஆவுக்குப் பின் போய்வந்ததாகச் சொன்னார். பண்டாரி ஒன்றும் பேசாமல் தேநீர் வரவழைத்துக் கொடுத்தாராம். பணத்தைப் பற்றி இருவருமே வாய் திறக்கவில்லை. மூன்று வரிகள் அங்கேயே இருக்கின்றன.