எல்லாமே வெளியூர் ஆட்டம்

லங்கா பிரீமியர் லீக் அட்டவணை வந்துவிட்டால் மன்னாரின் முசலிப் பகுதியில் உள்ள மறிச்சுக்கட்டித் தேத்தண்ணிக் கடையில் ஒரே கணக்குத்தான். காலியை எப்போது சந்திக்கிறோம், கண்டியோடு ஆடுமுன் ஓய்வுநாள் இருக்கிறதா, தம்புள்ளை ஆடுகளம் யாருக்குக் கைகொடுக்கும்? இருப்பதே ஐந்து அணிகள். ஒவ்வொன்றோடும் இரண்டு முறை மோத வேண்டும், பலமான அணிக்குத் தப்பிவிட வழியில்லை. ஆனால் எதிரணியை மட்டும் எடைபோடுவது பாதிக் கணக்கு என்பேன்; எந்த மண்ணில் ஆடுகிறோம் என்பதே மீதிக் கணக்கு. 2024இல் நம் வடக்கின் அணியான ஜப்னா கிங்ஸ் முதலாவது தகுதிகாண் ஆட்டத்தில் காலியிடம் தோற்றது. அடுத்ததில் கண்டியை ஒரேயொரு ஓட்டத்தால் தாண்டியது. கடைசிப் பந்துவரை தேத்தண்ணி ஆறிப்போன ஆட்டம் அது. பிறகு இறுதிப் போட்டியில் அதே காலி வைத்த 185 ஓட்ட இலக்கை, ரைலி ருசோவின் சதத்தோடு ஒரே விக்கெட் இழப்பில் எட்டிப்பிடித்தது. நான்காவது கிண்ணம். அந்த நான்கு தொடர்களிலும் வடக்கு மண்ணில் ஓர் ஆட்டம்கூட நடக்கவில்லை! ஹம்பாந்தோட்டை, பல்லேகலை, தம்புள்ளை, கொழும்பு என எல்லாம் வெளியூர். 1990இல் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டு, புத்தளத்தில் பிள்ளைகளை வளர்த்துத் திரும்பிய முஸ்லிம்களின் ஊர் மறிச்சுக்கட்டி. இங்கிருந்தும் வடக்கின் அணிக்குக் குரல் எழுகிறது. அவர்களுக்குத் தொலைக்காட்சி மட்டும் போதாது. 2025 செப்டெம்பரில் யாழ்ப்பாணத்தின் மண்டைதீவில் சர்வதேச மைதானத்துக்கு அடிக்கல் நட்டாயிற்று. அதை இழுத்தடிக்காமல் கட்டி முடிக்கட்டும், முதல் ஆட்டத்தைக் காலியோடு வைக்கட்டும், அன்று முசலியிலிருந்தும் பஸ் விடட்டும்.