பொறுமைக்காகப் பெண்ணைப் புகழாதீர்கள்

"பெண்களுக்கு விரல் நுணுக்கம் பிறவியிலேயே உண்டு, பொறுமையும் அதிகம்." மின்னணுத் தொழிற்சாலைக்கு ஆள் எடுப்பவர் முதல் மகளை அனுப்பிவைக்கும் தகப்பன் வரை எல்லோரும் இதைப் பாராட்டாகவே சொல்கிறார்கள். பெண் தொழிலாளிக்கு இந்தப் பாராட்டு செய்த கேடு கொஞ்சமல்ல. பிறவியிலேயே வந்த திறமை என்று சொல்லிவிட்டால் கற்றுக்கொடுக்கவும் வேண்டாம், அதற்கென்று சம்பளம் கூட்டவும் வேண்டாம் அல்லவா?

இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் 40 விழுக்காட்டுக்கும் மேல் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். பெருமைதான். ஆனால் ஸ்ரீபெரும்புதூர், ஒசூர் மின்னணு ஆலைகளில் இருக்கும் பெண்களில் பெரும்பாலோர் நிற்பது அசெம்பிளி லைனில். குறுகிய பயிற்சி, பிறகு ஷிப்ட் முழுக்க அதே திருகு, அதே சோதனை. இயந்திரம் நின்றுபோனால் பழுதுபார்க்க வருபவர், தொழிற்பயிற்சி நிலையத்தில் (ஐ.டி.ஐ.) ஃபிட்டரோ எலக்ட்ரீஷியனோ இரண்டு ஆண்டு படித்த ஆண். சர்க்யூட் போர்டில் பாகங்களைப் பொருத்தும் வேலை எப்போதோ இயந்திரத்துக்குப் போய்விட்டது. குறை கண்டுபிடிக்கும் வேலை கேமராவுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. பழுதுபார்க்கும் வேலை மிஞ்சும். அதைத்தான் லைனில் நிற்கும் பெண்ணுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. 2014 நவம்பரில் ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா கைபேசி ஆலை உற்பத்தியை நிறுத்தியது. அங்கே பழகிய ஒரே கையசைவை எந்தச் சான்றிதழில் எழுதிக்கொண்டு அந்தப் பெண்கள் அடுத்த வாசலுக்குப் போவது?

"கிரீஸ், கனம், பெண்ணுக்கு ஆகாது" என்கிறார்கள். கட்டட வேலை நடக்கும் இடத்தில் போய்ப் பாருங்கள். செங்கல்லையும் கலவைச் சட்டியையும் தலையில் சுமந்து ஏறும் சித்தாள் பெண். கரண்டி பிடிக்கும் கொத்தனார் ஆண். கூலியும் அவருக்கே அதிகம். கனம்தான் தடையென்றால் இது தலைகீழாக அல்லவா இருக்க வேண்டும்? பத்து வருடம் கலவை சுமந்தவளுக்கும் கரண்டியை யாரும் கொடுப்பதில்லை. தொழிற்சாலையில் இந்தப் பாகுபாட்டுக்குச் சட்டமும் துணைபோனது: 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம், ஓடும் இயந்திரப் பாகங்களைத் துடைக்கவும் எண்ணெய் விடவும் பெண்களை விடவில்லை. பாதுகாப்பு என்றால் இருபாலருக்கும் அல்லவா வேண்டும்?

தமிழ்நாட்டில் 71 அரசு ஐ.டி.ஐ.களில் ரோபோ, சி.என்.சி., மின்வாகனப் பழுது என்று புதிய பிரிவுகள் வந்திருக்கின்றன. பத்தாம் வகுப்பு ஆசிரியர்களே, பெற்றோர்களே, "தையல் எடும்மா, பாதுகாப்பு" என்று இனியும் பெண்பிள்ளையை அங்கிருந்து திருப்பி அனுப்பாதீர்கள். லைனில் நிற்கும் சகோதரிகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: அரசு ஐ.டி.ஐ.யில் சேரப் பெண்களுக்கு உச்ச வயது வரம்பு கிடையாது. பயிற்சிக் கட்டணமும் கிடையாது.