அருமை சார், அருமை!

தமிழில் எனக்கு வரவரப் பிடிக்காமல் போன சொல் ஒன்று உண்டு: ‘அருமை’. சொல்லின் மீது குற்றமில்லை. அருமை என்றால் எளிதில் கிடைக்காதது என்று பொருள். எங்கள் பக்கத்தில் அது மாதம் ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, டீயும் பிஸ்கட்டும் போலத் தட்டில் வைத்து எல்லோருக்கும் கொடுக்கப்படுகிறது.

கூடுவாஞ்சேரியில் என்னைப் போல் ஓய்வு பெற்று வந்து குடியேறியவர்கள் நிறையப் பேர். ரயில்வே, தபால், வங்கி, பள்ளிக்கூடம் என்று பல துறைக்காரர்கள். மகன் அமெரிக்காவிலிருந்து வாங்கி வந்த கேமராவோ, பேத்தி ‘பழசு’ என்று கழற்றிவிட்ட போனோ ஆளுக்கொன்று இருக்கிறது. ஏரிக்கரை, கோயில் குளம், சந்தை, மழைக்காலம் முடிந்தால் வேடந்தாங்கல் என்று சுற்றிப் படம் எடுக்கிறோம். மாதக் கடைசியில் குடியிருப்போர் சங்கக் கூடத்து டி.வி.யில் போட்டுப் பார்க்கிறோம். ஒரு படம் வரும். “அருமை சார்!” “சூப்பர்!” “கலக்கிட்டீங்க!” அடுத்த படம். ஒரு படத்துக்குப் பத்து வினாடி கிடைத்தால் அதிகம்.

இது அன்பு என்கிறார்கள். அன்பே இல்லை, தப்பித்துக்கொள்ளும் வழி என்பது என் கட்சி. பார்க்காமலே சொல்லக்கூடிய ஒரே விமர்சனம் பாராட்டுதான். குறை சொல்ல வேண்டுமானால் படத்தைப் பார்த்தாக வேண்டும்.

முப்பத்தைந்து வருஷம் அரசாங்கக் கோப்புகளோடு வாழ்ந்தவன் நான். எழுத்தர் வேலையில் மூன்று வகை அதிகாரிகளைப் பார்க்கலாம். வரைவின் ஓரத்தில் ‘பேசவும்’ என்று மட்டும் எழுதித் திருப்பி அனுப்புபவர் ஒரு வகை. எதைப் பேச வேண்டும் என்று கடவுளுக்குத்தான் தெரியும். ‘இரண்டாம் பத்தியில் அரசாணையின் தேதி விடுபட்டுள்ளது, சேர்க்கவும்’ என்று எழுதுபவர் இன்னொரு வகை. மூன்றாமவர் படிக்காமலே கையெழுத்துப் போடுபவர். வெளியே இருப்பவர்களுக்கு அந்த மூன்றாமவர்தான் தங்கமான மனிதர். உள்ளே இருக்கும் எழுத்தர் எவனும் அவரை நம்பமாட்டான். நாளைக்குத் தணிக்கை வந்தால் மாட்டப்போவது அவன்தானே? நம் ‘அருமை சார்’ படிக்காமல் போட்ட கையெழுத்து. அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.

“வயதான காலத்தில் யார் மனசையும் நோகடிக்க வேண்டாமே” என்பார்கள். இந்த வாதம்தான் எனக்கு அதிகக் கோபத்தைத் தருகிறது. எழுபது வயதுக்காரரால் இனிமேல் எதையும் கற்றுக்கொள்ள முடியாது என்று தீர்ப்பு எழுதிவிட்டு, அதற்கு மரியாதை என்று பெயர் வைக்கிறோம். குழந்தை கிறுக்கியதைப் பார்த்து “அடடா!” என்பது போலத்தான் இதுவும். குழந்தையாவது வளர்ந்துவிடும்.

நம் ஜனங்களுக்குக் குறை சொல்லத் தெரியாது என்றும் நினைக்க வேண்டாம். மார்கழி விடியற்காலையில் எங்கள் தெருவில் நடந்து பாருங்கள். “மாமி, மூணாவது வரிசையில ஒரு புள்ளி குறையுது, அதான் சிக்கு சேரல” என்பார் எதிர்வீட்டுப் பெண். மாமி கோபித்துக்கொள்வதில்லை. குனிந்து எண்ணிப் பார்ப்பார், திருத்துவார். சமையலில், “சாம்பார் நல்லாருக்கு, உப்பு மட்டும் ஒரு கல்லு கம்மி” என்று அளவோடு சொல்கிறோம். எது குறை, எங்கே குறை, எவ்வளவு குறை என்று மூன்றும் அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கின்றன. அதே மனிதர் நண்பரின் படத்தைப் பார்த்தால் மட்டும் நாக்கு மடங்கிக்கொள்கிறது.

இனி எதிர்க்கட்சிக்கு வருகிறேன். எல்லாக் கூட்டத்திலும் ஒரு ‘மாஸ்டர்’ இருப்பார். “ரூல் ஆஃப் தேர்ட்ஸ் இல்லையே! கிராப் பண்ணுங்க! ஹாரிஸான் சாய்ஞ்சிருக்கு!” எந்தப் படம் வந்தாலும் இதே மூன்று மாத்திரைதான். இவர் படத்தைப் பார்ப்பதில்லை, கையிலிருக்கும் விதிப் பட்டியலைப் பார்க்கிறார். சட்டத்தை மூன்றாகப் பிரிக்கும் அந்த விதி, ஜான் தாமஸ் ஸ்மித் என்ற ஆங்கிலேயர் 1797-ல் இயற்கைக் காட்சி ஓவியங்களைப் பற்றி எழுதிய புத்தகத்தில் வருவது. அப்போது புகைப்படம் என்ற ஒன்றே கிடையாது. பயனுள்ள யோசனைதான், மறுக்கவில்லை. ஆனால் கோயில் கோபுரத்தை நேராக நடுவில் வைத்து எடுத்தவரிடம் போய் அதைச் சட்டமாக நீட்டினால் எப்படி?

பிரான்சின் ஆன்ரி கார்த்தியே-பிரெசோன் பெயரைச் சொல்லாத மாஸ்டர் இல்லை. “அவர் கிராப்பே பண்ணமாட்டார் தெரியுமா? டிசைசிவ் மொமெண்ட்!” என்பார்கள். 1932-ல் பாரிஸின் சேன் லசார் ரயில் நிலையத்துக்குப் பின்னால், தேங்கிய தண்ணீரைத் தாண்டிக் குதிக்கும் மனிதரை அவர் எடுத்த படம் உலகப் பிரசித்தம். வேலிப் பலகைகளின் இடுக்கு வழியாக எடுத்தது. ஓரத்தில் பலகை மறைத்த பகுதியை வெட்டித்தான் அச்சிட்டார். கிராப் செய்யாதவர் என்று பேர் எடுத்தவரே, தேவைப்பட்ட இடத்தில் செய்தார்.

அந்த ‘டிசைசிவ் மொமெண்ட்’ இருக்கிறதே, அது 1952-ல் வந்த புத்தகத்தின் ஆங்கிலத் தலைப்பு மட்டும்தான். பிரெஞ்சில் அதன் பெயர் ‘இமாழ் அ லா சோவெத்’. புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: ‘அ லா சோவெத்’ என்றால் அவசர அவசரமாக, கள்ளத்தனமாக என்று அர்த்தம். அனுமதியில்லாமல் தெருவில் துணி விரித்துக் கடை போட்டவன், போலீஸ்காரர் தலை தெரிந்ததும் சுருட்டிக்கொண்டு ஓடுகிறானே, அவன் விற்கும் விதத்துக்கு அந்தப் பெயர். தாம்பரம் நடைபாதையில் தினம் பார்க்கலாம். ஆங்கிலத் தலைப்பில் தீர்ப்புச் சொல்லும் நீதிபதி தெரிகிறார், பிரெஞ்சில் ஓடத் தயாராக நிற்கும் தெருவியாபாரி தெரிகிறார். இதே மனிதர் 1950 ஏப்ரலில் திருவண்ணாமலையில் ரமணரின் கடைசி நாட்களையும், அதே மாதம் புதுச்சேரியில் அரவிந்தரையும் படம் எடுத்தவர். நம் மண்ணில் நடந்தவரைப் பற்றி மொழிபெயர்ப்பில் ஒரு வரி கேட்டுவிட்டு அதை வைத்து அடுத்தவரை மிரட்டுவது நியாயமா?

அப்படியானால் எப்படிச் சொல்வது? என் பள்ளிக்கூடத்தில் இருபதுக்குத்தான் மார்க். இருபதுக்கு இருபது யாரும் வாங்கிப் பார்த்ததில்லை. பதினான்கு வாங்கினால் வீட்டில் பாயசம். முசே சிவப்பு மையில் எழுதுவார்: ‘பெ மியே ஃபேர்’, அதாவது ‘இன்னும் நன்றாகச் செய்யக்கூடியவன்’. திட்டு மாதிரி இருக்கும், ஆனால் உன்னால் முடியும் என்ற நம்பிக்கை அதற்குள் இருந்தது. ஒரு பாடத்தைக் கொடுத்தால் உடனே அபிப்பிராயம் சொல்லக் கூடாது. முதலில் அதில் என்ன இருக்கிறது, பிறகு அது எப்படிச் சொல்லப்பட்டிருக்கிறது, கடைசியில்தான் உன் கருத்து. ‘எக்ஸ்ப்ளிகாசியோன் தெ தெக்ஸ்த்’ என்று அதற்குப் பெயர். வரிசையை மாற்றினால் மார்க் போச்சு.

விஷயத்தை விட்டு விலகி எழுதினால் ‘ஓர் சூஜே’ என்று எழுதுவார். பின்னாளில் நன்னூலைப் புரட்டியபோது சிரிப்பு வந்துவிட்டது. நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களில் ‘மற்றொன்று விரித்தல்’ என்று பவணந்தி முனிவர் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே எழுதி வைத்திருக்கிறார். குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல் எல்லாமே படத்துக்கும் பொருந்தும். மீன்கொத்தியை எடுக்கப் போய் பின்னால் நிற்கும் நீல நிற ஆட்டோ கண்ணைப் பறித்தால் அது மற்றொன்று விரித்தல். நிறத்தை ஏற்றி ஏற்றி வயலைப் பிளாஸ்டிக் ஆக்கினால் மிகைபடக் கூறல். ஒரே கொக்கைப் பதினோரு படமாகக் காட்டினால் கூறியது கூறல். குற்றத்துக்குப் பெயர் இருந்தால் ஆளைக் குத்த வேண்டியதில்லை.

உருப்படியான ஒரு யோசனை எப்படி இருக்கும் என்பதற்கு உதாரணம். வெள்ளைக் கொக்கு சுண்ணாம்புக் கட்டியாக வெளுத்துவிடுவது நம் எல்லோர் படத்திலும் நடப்பது. கேமரா தன் முன்னால் இருப்பதையெல்லாம் சராசரிச் சாம்பல் நிறமாக்கப் பார்க்கும். பின்னால் கறுத்த தண்ணீர் இருந்தால் அதை வெளுக்கப் போய்க் கொக்கை எரித்துவிடும். “இறகு மடிப்பு ஒன்றும் தெரியவில்லை சார், அடுத்த தடவை எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் குறைத்துப் பாருங்கள்” என்றால் அவருக்கு ஒரு வேலை கிடைக்கிறது. ‘அருமை’ என்றால் என்ன கிடைக்கிறது? அடுத்த மாதமும் இன்னொரு சுண்ணாம்புக் கட்டி.

இது ஒன்றும் புதிய யோசனை இல்லை. பாரிஸில் 1839-ல் தாகேரின் முறை அறிவிக்கப்பட்டு பதினெட்டே ஆண்டுகளில், 1857-ல், நம் சென்னையில் ‘ஃபோட்டோகிராஃபிக் சொசைட்டி ஆஃப் மெட்ராஸ்’ தொடங்கிவிட்டது. முன்னின்றவர் அலெக்ஸாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர். 1850-ல் ஓவியப் பள்ளி ஆரம்பித்தாரே, இன்றைய அரசு கவின் கலைக் கல்லூரி, அவரேதான். அந்தக் கழகம் இன்றும் இருக்கிறது. பிரிட்டனில் 19-ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் தபால் வழிக் குழுக்களே வந்துவிட்டன. படங்கள் அடங்கிய பெட்டி ஒருவரிடமிருந்து அடுத்தவருக்குத் தபாலில் போகும். ஒவ்வொருவரும் மற்றவர் படத்துக்குக் கருத்து எழுதி அனுப்புவார்கள். தபால் செலவு செய்து குறை கேட்டு வாங்கியிருக்கிறார்கள். நாம் ஒரே கூடத்தில் உட்கார்ந்துகொண்டு வாய் திறக்க மாட்டேன் என்கிறோம்.

“பொழுதுபோக்குத்தானே, இதில் என்ன குடி முழுகிப்போகிறது?” என்று கேட்கிறவர்களுக்கு இரண்டு பதில்.

முதலாவது. எங்கள் கூட்டத்தில் ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவர் இருக்கிறார். மாதா மாதம் ஏரிக்கரைப் படம் ஒன்று கொண்டுவருவார். நான் சேர்வதற்கு முன்பிருந்தே கொண்டுவந்தாராம். எல்லாம் ‘அருமை’. ஒருநாள் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் தாத்தாவோடு வந்தவன், “ஏன் பாட்டி எல்லாப் படத்திலயும் இடது பக்கம் அதே பனைமரம் இருக்கு?” என்றான். டீச்சர் சொன்னார்: “ரெண்டு வருஷமா ஒரே கல்லு மேல நின்னு எடுக்கறேன்டா கண்ணு. தண்ணி ஏறறதும் எறங்கறதும் தெரியணும்னு. யாராவது கேப்பாங்களான்னு பார்த்தேன்.” இருபத்து நான்கு படம், இருபது பேர், ஒருவரும் கேட்கவில்லை. இதைவிடப் பெரிய அவமரியாதை இருக்க முடியுமா? குறை சொல்லியிருந்தால்கூட அந்த அம்மாளுக்குத் துணை கிடைத்திருக்கும்.

இரண்டாவது இன்னும் கனமானது. கூட்டில் குஞ்சுக்கு இரை ஊட்டும் பறவையின் படம் வந்தால் கைத்தட்டல் இரட்டிப்பாகிறது. எவ்வளவு அருகில் போனீர்கள், கிளையை ஒடித்தீர்களா, தாய்ப்பறவை பறந்துபோய் எவ்வளவு நேரம் திரும்பவில்லை என்று யாரும் கேட்பதில்லை. தாய் விலகிய கூட்டில் முட்டையும் குஞ்சும் வெயிலில் வாடும், காக்கைக்கும் வழி தெரிந்துவிடும். பல வனவிலங்குப் படப் போட்டிகள் கூட்டுப் படங்களை ஏற்பதே இல்லை. நாம் கைத்தட்டினால் அடுத்த வாரம் அதே மரத்தடியில் ஐந்து பேர் நிற்பார்கள். வேடந்தாங்கல் போன்ற இடங்களில் பறவைகள் இத்தனை காலம் தங்கியது ஊர்க்காரர்கள் அவற்றைத் தொந்தரவு செய்யாமல் விட்டதால்தான். 2009-ல் லண்டனின் புகழ்பெற்ற வனவிலங்குப் படப் போட்டியில், வேலிக் கதவைத் தாண்டிக் குதிக்கும் ஓநாயின் படம் முதல் பரிசு வாங்கியது. ஸ்பெயின் நாட்டுச் சக புகைப்படக்காரர்கள் சிலர் சந்தேகம் எழுப்பினார்கள். அது காட்டு ஓநாய் இல்லை, பழக்கப்பட்ட விலங்காக இருக்க வேண்டும் என்று முடிவு செய்த நடுவர்கள் 2010 ஜனவரியில் பரிசைத் திரும்பப் பெற்றார்கள். எடுத்தவர் கடைசிவரை மறுத்தார். நடுவர்கள் பார்க்காததைப் பார்த்தது சக புகைப்படக்காரர்களின் கண். ‘எப்படி எடுத்தீர்கள்?’ என்ற கேள்வியும் விமர்சனம்தான். அது முதலில் வர வேண்டியது.

“நீ யார் சொல்ல? நீ என்ன பெரிய கேமராமேனா?” என்றும் கேட்கலாம். உப்புக் குறைவு என்று சொல்ல நாக்கு இருந்தால் போதும், நளனாக இருக்க வேண்டியதில்லை.

ஆகவே என் கோரிக்கை சிறியது. அடுத்த கூட்டத்தில் படங்களைப் பாதியாகக் குறைப்போம், ஒன்றுக்கு மூன்று நிமிஷம் கொடுப்போம். எடுத்தவர் வாயைத் திறக்கும் முன், பார்த்தவர் தன் கண்ணுக்கு என்ன தெரிந்தது என்று சொல்லட்டும். பிறகு எடுத்தவர், தான் எதைக் காட்ட நினைத்தார், எப்படி எடுத்தார் என்று சொல்லட்டும். இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரம்தான் விமர்சனம். அதைக் குறைக்க ஒரே ஒரு யோசனை, செய்யக்கூடியதாக. ஒன்பது குறையை ஒரே நாளில் கொட்ட வேண்டாம், வீட்டுக்குப் போகும்போது ஒன்றுதான் ஞாபகம் இருக்கும். நன்றாக இருந்தால் எது நன்றாக இருக்கிறது என்று விரலை வைத்துச் சொல்லுங்கள். கடுமையாகச் சொல்ல வேண்டியதை டீ குடிக்கும்போது தனியாகச் சொல்லுங்கள். கூட்டு விஷயத்தை மட்டும் சபையிலேயே கேளுங்கள்.

‘அருமை’யை ஒழிக்கச் சொல்லவில்லை. வருஷத்துக்கு ஒருமுறை அதற்குத் தகுந்த படம் வரும். அன்றைக்குச் சொல்ல ஒரு சொல் மிச்சம் இருக்க வேண்டாமா?