புகையை விடவும் மருத்துவம் உண்டு

புகைபிடிப்பவருக்கு அதை விட மனமில்லை என்றே நம்மில் பலர் நினைக்கிறோம். 2016-17இல் நாடு முழுவதும் வயது வந்தோரிடம் எடுக்கப்பட்ட புகையிலைக் கணக்கெடுப்பு அந்த எண்ணத்தைப் பொய்யாக்குகிறது. புகைபிடிப்போரில் 55.4 சதவீதம் பேர் விட்டுவிட நினைக்கிறார்கள், 38.5 சதவீதம் பேர் அதற்கு முந்தைய ஓராண்டுக்குள் முயன்றும் பார்த்திருக்கிறார்கள். முயன்றவர்களில் பெரும்பாலோர் யாருடைய துணையும் இல்லாமல் தனியாகவே மல்லுக்கட்டியவர்கள். மருந்தையோ ஆலோசகரையோ நாடியவர்கள் சிறு பகுதியினரே. சர்க்கரைக்கும் ரத்தக்கொதிப்புக்கும் தயங்காமல் மாத்திரை வாங்கும் நாம், இதற்கு மட்டும் "மனசு வைத்தால் விட்டுவிடலாம்" என்று சொல்லி ஆளை அனுப்பிவிடுகிறோம். அந்த அறிவுரை போதாது, புகைப்பழக்கத்திலிருந்து ஒருவரை மீட்பது மருத்துவத்தின் வேலை என்பதே என் கட்சி.

இழுத்த புகையிலுள்ள நிகோடின் பத்து, இருபது நொடிகளில் மூளையை எட்டிவிடுகிறது. ஒரு நாளில் பல பீடி, ஒவ்வொன்றுக்கும் பல இழுப்பு என்று ஆண்டுக்கணக்கில் பழகிப்போன மூளை, அது கிடைக்காதபோது சும்மா இருப்பதில்லை. எரிச்சல், தூக்கமின்மை, படபடப்பு, எதிலும் கவனம் நிற்காமை எல்லாம் வரும். முதல் சில நாட்களில் உச்சத்தில் இருக்கும் இந்த அவதி இரண்டு முதல் நான்கு வாரம்வரை நீளும். உதவியின்றி ஒருமுறை முயல்பவர்களில் ஆறு மாதமோ ஓராண்டோ கழித்தும் புகைக்காமல் இருப்பவர்கள் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பேர்தான். நிகோடின் சூயிங்கமோ தோலில் ஒட்டும் பட்டையோ பயன்படுத்தினால் வெற்றி வாய்ப்பு ஏறத்தாழ ஒன்றரை மடங்காகிறது. வரெனிக்ளின் மாத்திரையில் இரண்டு மடங்குக்கும் மேல். அதோடு ஆலோசனையும் சேர்ந்தால் இன்னும் நல்லது. இவ்வளவுக்குப் பிறகும் முதல் முயற்சியில் தோற்பவர்களே அதிகம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. மறுபடியும் வரச் சொல்லும் ஒரு மருத்துவர் தேவைப்படுவது அதனால்தான்.

விட்டவர்களில் அதிகம் பேர் தாமாகவே விட்டவர்கள்தானே என்று கேட்பார்கள். உண்மைதான். ஏறக்குறைய எல்லாரும் அந்த வழியிலேயே முயலும்போது, தேறியவர்களிலும் அவர்கள்தான் அதிகம் இருப்பார்கள். அதே வழியில் தோற்றவர்களை யாரும் எண்ணுவதில்லை. நிகோடினை விட நிகோடினே மருந்தா என்பது அடுத்த கேள்வி. நுரையீரலையும் ரத்தக்குழாயையும் கெடுப்பதில் பெரும்பங்கு புகையிலுள்ள தாருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கும் மற்ற நச்சுகளுக்கும்தான். சூயிங்கம் அவற்றை விலக்கி, நிகோடினை மட்டும் மெதுவாகத் தந்து, சில மாதங்களில் அதையும் குறைத்துக்கொண்டே போகிறது. வரெனிக்ளின் மனநிலையைக் கெடுக்கும் என்ற அச்சம் ஒருகாலத்தில் பலமாக இருந்தது. 16 நாடுகளில் எண்ணாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நடந்த ஆய்வு அந்த அச்சத்தை உறுதிசெய்யவில்லை. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பும் தன் கடும் எச்சரிக்கையை 2016இல் நீக்கிவிட்டது. கர்ப்பிணிக்கு எது, சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கு எவ்வளவு என்பதைத் தீர்மானிக்க மருத்துவர் வேண்டும். கடைக்காரரிடம் கேட்டு முடிவு செய்யும் விஷயமில்லை.

வேப் எனப்படும் மின்சிகரெட் விஷயம் இன்னும் சிக்கலானது. பிரிட்டனில் சிகரெட்டை விடுவதற்கு அதையே ஒரு துணையாகப் பரிந்துரைக்கிறார்கள். இந்தியாவில் 2019 முதல் அதன் தயாரிப்பும் விற்பனையும் குற்றம். தமிழ்நாடு அதற்கு முந்தைய ஆண்டே தடை போட்டது. தடை சரியா என்று இங்கே வாதிடப் போவதில்லை. ஆனால் கள்ளத்தனமாக வருவதில் எவ்வளவு நிகோடின் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அதற்கு அடிமையான கல்லூரி மாணவர் வீட்டுக்கும் பயந்து, போலீசுக்கும் பயந்து மருத்துவரிடமே வாய் திறக்க மாட்டார். அமெரிக்காவில் வேப் பிடிக்கும் 16 முதல் 25 வயதினரிடம் நடந்த சோதனையின் முடிவு 2025இல் வெளிவந்தது. மூன்று மாத சிகிச்சையின் கடைசி மாதத்தில் வரெனிக்ளின் எடுத்தவர்களில் 51 சதவீதம் பேர் வேப்பைத் தொடவில்லை. வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 14 சதவீதம்தான். இரு தரப்புக்கும் ஆலோசனை ஒன்றே. தண்டனையைச் சொல்லும் சட்டத்தோடு இந்தச் சிகிச்சையையும் இளைஞருக்குக் காட்ட வேண்டாமா?

இலவசத் தொலைபேசி உதவி ஏற்கெனவே இருக்கிறது. டெல்லியில் 2016இல் தொடங்கிய அந்தச் சேவையில் தென்மாநில அழைப்புகளைப் பெங்களூரு நிம்ஹான்ஸ் கவனிக்கிறது. 2018 செப்டம்பர் முதல் பாக்கெட்டிலும் அந்த எண்ணை அச்சிடுகிறார்கள். பெட்டிக்கடையில் ஒற்றை சிகரெட் வாங்கி, தொங்கும் கயிற்று நெருப்பில் பற்றவைத்துக்கொண்டு போகிறவர் கண்ணில் பாக்கெட் எங்கே படும்? நம் நாட்டில் சிகரெட்டைவிடப் பீடி பிடிப்பவர்களே அதிகம். அவர்கள் பெரும்பாலும் உழைப்பாளிகள், ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு ஆலோசனை மையம் தேடிப் போகமாட்டார்கள். ஆகவே சிகிச்சைதான் அவர்களைத் தேடிப் போக வேண்டும். தமிழகத்தில் அதற்கு ஏற்பாடும் உண்டு. 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர்கள் வீடு வீடாகச் சென்று சர்க்கரை, ரத்தக்கொதிப்பு மாத்திரைகளைத் தருகிறார்கள். அதே பையில் நிகோடின் சூயிங்கமும் இருக்கலாம். தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் நிகோடின் மாற்று சிகிச்சை 2022இலேயே இடம்பெற்றுவிட்டது. செலவு அதிகமாகுமே என்பார்கள். புகையிலை மீது வரி வாங்கும் அரசுகள் அந்தப் பணத்தில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்குவதுதான் நியாயம்.

பிரிட்டிஷ் மருத்துவர்களை ஐம்பது ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வின்படி, நாற்பது வயதில் விட்டவருக்கு ஏறத்தாழ ஒன்பது ஆண்டு ஆயுள் மிச்சமாகிறது. அறுபதில் விட்டாலும் மூன்று ஆண்டு. விட நினைப்பவர் அரசு விழித்துக்கொள்ளும்வரை காத்திருக்க வேண்டாம். 1800-11-2356 என்ற எண்ணை அழையுங்கள்; கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம்.