முழுத் தாளாக இருக்கட்டும்

1958இல் பிரஸ்ஸல்ஸ் உலகக் கண்காட்சியில் மொஸார்ட்டின் ‘ரெக்வியம்’ கையெழுத்துப் படியை வைத்திருந்தார்கள். யாரோ ஒரு தாளின் கீழ் மூலையைக் கிழித்துக்கொண்டு போய்விட்டார்கள். முன்பு வந்த பகுதியைத் திரும்பப் பாடச் சொல்லும் சின்னக் குறிப்பு அந்த மூலையில் இருந்தது. மொஸார்ட் கடைசியாக எழுதிய சொற்கள் அவையாகவே இருக்கலாம். ஆளும் அகப்படவில்லை, துண்டும் திரும்பவில்லை.

திருடன் செய்ததை அன்பர்களும் செய்திருக்கிறார்கள் என்பதுதான் நம்மை அதிகம் வருத்துகிறது. பியானோவுக்கும் இசைக்குழுவுக்குமாக மொஸார்ட் 1782இல் எழுதிய ஏ மேஜர் ரோண்டோவின் கையெழுத்துப் படி, பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் வில்லியம் ஸ்டெர்ன்டேல் பென்னெட்டிடம் வந்து சேர்ந்தது. அவரே ஓர் இசையமைப்பாளர். தாள் தாளாகப் பிரித்தும், சில தாள்களைத் துண்டு துண்டாக நறுக்கியும் நண்பர்களுக்குக் கொடுத்தார். வாங்கியவர்கள் பூரித்துப்போயிருப்பார்கள், இசைதான் சிதறிப்போனது. பின்னால் வந்தவர்கள் பழைய பியானோப் படி ஒன்றை வைத்துக்கொண்டு விட்டுப்போன இடங்களை இட்டு நிரப்பினார்கள். எப்போதோ தனியே பிரிந்துபோயிருந்த முடிவுப் பகுதியை 1980இல்தான் இசை ஆய்வாளர் ஆலன் டைசன் பிரிட்டிஷ் நூலகத்தில் கண்டெடுத்தார்.

பீத்தோவனின் குறிப்பேடுகளுக்கும் இதே கதி. 1827இல் அவர் மறைந்த சில மாதங்களில் ஏலம் போன அவற்றிலிருந்து நினைவுப் பொருளாகத் தாள்களை உருவினார்கள். எந்தத் தாள் எந்த ஏட்டில் இருந்தது என்று தெரிந்துகொள்ள ஆய்வாளர்கள் காகிதத்தின் நீர்க்குறியையும், தையல் துளைகளையும், எதிர்ப்பக்கத்தில் ஒட்டிய மைக்கறையையும் பொருத்திப் பார்க்க வேண்டியிருந்தது.

கடிதத்திலிருந்து கையொப்பத்தை மட்டும் கத்தரித்த சீட்டுகள் இன்றும் விற்பனைக்கு வருகின்றன. முழுக் கடிதத்தைவிட மலிவு என்பதால் புதிய சேகரிப்பாளர்கள் அவற்றை நாடுகிறார்கள். தயவுசெய்து வாங்காதீர்கள். வாங்க ஆள் இருக்கும்வரை கத்தரிக்கோலுக்கும் வேலை இருக்கும்.

எழுத்தாளர் ஸ்டெஃபான் ஸ்வைக்கும் சேகரிப்பாளர்தான். ஆனால் அவர் தேடியது கையொப்பத்தை அல்ல, படைப்பு உருவாகும் தடயத்தை. மொஸார்ட் 1784 முதல் தன் படைப்புகளைத் தேதியிட்டுப் பதிந்துவந்த ஏடு அவரிடம் இருந்தது. இடப்பக்கம் தேதியும் பெயரும்; வலப்பக்கம் ஒவ்வொன்றின் தொடக்கச் சுரங்கள். 1791 நவம்பரோடு பதிவு நிற்கிறது. அதற்குப் பிறகு, இனி எழுதப்போகும் இசைக்காகக் கோடு போட்டுவைத்த வெற்றுப் பக்கங்கள். கையொப்ப வேட்டைக்காரனிடம் போயிருந்தால் அந்தப் பக்கங்கள் மிஞ்சியிருக்குமா? ஸ்வைக்கின் வாரிசுகள் 1986இல் தொகுப்பைப் பிரிட்டிஷ் நூலகத்துக்கே கொடுத்துவிட்டார்கள்.

எல்லாரும் தானம் செய்ய வேண்டும் என்று சொல்லவில்லை. பிரதி எடுக்கவாவது அனுமதியுங்கள். பிரதி வெளிவந்தால் மூலத்தின் மதிப்பு இறங்கிவிடும் என்று தயங்குகிறவர்கள் கில்பர்ட் கேப்லனைப் பார்க்கலாம். மாலரின் இரண்டாம் சிம்ஃபனி கையெழுத்துப் படியை வாங்கிய அவர், 1986இல் அதை அப்படியே அச்சிட்டு வெளியிட்டார். முப்பது ஆண்டு கழித்து அந்த மூலம் லண்டனில் 45 லட்சம் பவுண்டுக்கு ஏலம் போனது, ஒரு தாளும் குறையாமல்.